மெம்பர் லாசரஸ் உட்கார்ந்த இடம்

லாசரஸ் செத்த பிறகுதான் அவருக்கு இத்தனை பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்ற சங்கதி அவர் பெண்டாட்டி சரோஜினிக்கே தெரிய வந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம். மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் முனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் மேடை போட்டு இரங்கல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடை நடுவில் லாசரஸின் படம். படத்துக்கு ஆள் உயர ரோஜா மாலை. உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனுஷன் கழுத்தில் விழுந்தது ஒரே ஒரு மாலை, அதுவும் கல்யாணத்தன்று. இப்போது கழுத்தே இல்லாத சட்டத்துக்கு இவ்வளவு பெரிய மாலை போட்டால் யாருக்கு லாபம்? பூக்காரனுக்கு லாபம்.

மைக்கைப் பிடித்தவர்கள் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். "அன்னைக்கு என் ஓட்டு அண்ணனுக்குத்தான்!" பால் சொசைட்டித் தலைவர் போட்டாராம். ரேஷன் கடைக்காரர் குடும்பத்தோடு போய்ப் போட்டாராம். சைக்கிள் கடைக்காரர் ஜுரத்தோடு போய்ப் போட்டாராம். இன்னும் ரெண்டு பேர் பேசியிருந்தால் லாசரஸ் தோற்றதே பொய் என்று ஆகியிருக்கும்.

சரோஜினி முதல் வரிசையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனசு தானாகவே அந்த ஓட்டுகளைக் கூட்டிக்கொண்டு போனது. ஆனால் கண் மேடையில் இல்லை. மேடைக்குப் பக்கத்தில், மதில் சுவர் ஓரத்தில் இருந்தது. வழக்கமாக அங்கேதான் மீன்காரப் பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்கு அந்த இடம் பளிச்சென்று காலியாகக் கிடந்தது. பிளீச்சிங் பவுடர் வேறு தூவியிருந்தார்கள். "மெம்பர் கூட்டத்துல மீன் நாத்தம் அடிச்சா மரியாதையா இருக்காது" என்று காலையிலேயே ஆள் விட்டுக் கூடைகளைத் தூக்கச் சொல்லிவிட்டார்கள். எந்த இடத்துக்காக லாசரஸ் பத்து வருஷம் மல்லுக்கட்டினாரோ, அந்த இடத்தைக் காலி பண்ணித்தான் அவருக்கு அஞ்சலி! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

மீன்காரி முத்தாலம்மாள் கூட்டத்துக்கு வெளியே, டீக்கடை ஓரமாக, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு மட்டும்தான் எழுந்து போகச் சொன்னார்களா, இனிமேல் எப்போதுமேவா? அவளுக்கு அதுதான் தெரிய வேண்டும். சரோஜினிக்கும் அதேதான்.

லாசரஸ் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட். ஒல்லியான தேகம், முழுக்கைச் சட்டை, கையில் குடை. அரசியல்வாதி என்கிறீர்களே, கார் இருந்ததா, கரைவேட்டி இருந்ததா, பின்னால் நாலு தடியர்கள் வந்தார்களா என்று கேட்காதீர்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வியாதி. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது.

தாம்பரத்துக்காரனுக்கு மின்சார ரயிலில் இடம் கிடைக்காமல் போகாது. வண்டியே அங்கேதானே புறப்படுகிறது! லாசரஸும் தினம் காலையில் ஜன்னலோரமாக இடம் பிடிப்பார். சானடோரியத்தில் ஒருவர் ஏறி, "சார், கொஞ்சம்..." என்று இழுப்பார். வாக்கியம் முடிவதற்குள் இவர் எழுந்திருப்பார். அப்புறம் பீச் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். வருஷக்கணக்காக சீசன் டிக்கெட் எடுத்து நின்றுகொண்டே போன ஆத்மா அது. கோயிலிலும் அதே கதை. ஆராதனைக்கு முதல் ஆளாகப் போய் முன் பெஞ்சில் உட்காருவார். வருகிறவர்களுக்கு இடம் கொடுத்துக் கொடுத்து, பிரசங்கம் ஆரம்பிக்கும்போது வாசலில் செருப்புகளோடு நிற்பார். அவ்வளவு ஏன், அவர் கல்யாண போட்டோவைப் பாருங்கள். சரோஜினிக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய பெரிய மாமா மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை பின் வரிசையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த போட்டோவை யாருக்கும் காட்டுவதில்லை என்று சரோஜினி வைராக்கியமாக இருந்தாள்.

இப்படிப்பட்ட ஆளை ஊர் விடுமா? யார் வீட்டில் பிரசவ வலி என்றாலும், குழாயில் தண்ணீர் நின்றாலும், போலீஸ் ஸ்டேஷனில் மச்சான் மாட்டிக்கொண்டாலும் லாசரஸ் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவரும் சாப்பாட்டில் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்தத் தேர்தலிலும் நிற்காத மனுஷனை ஊரே 'மெம்பர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. பட்டம் கொடுக்கக் கைக்காசு செலவில்லையே, தாராளமாகக் கொடுத்தார்கள்.

முத்தாலம்மாளும் அப்படித்தான் வந்து சேர்ந்தாள். நீலாங்கரைப் பக்கம் குப்பத்தில் அவள் புருஷன் வலை வீசுகிறவன். அவளும் இன்னும் சில பெண்களும் விடியற்காலையில் கூடையோடு பஸ் ஏறிக் கிண்டிக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் தாம்பரம் வந்து, அந்த மதில் சுவர் ஓரத்தில் கடை விரிப்பார்கள். கடைத்தெரு முதலாளிகளுக்கு அது ஆகவில்லை. நாற்றமாம். அதே முதலாளிகள் மத்தியானம் வஞ்சிரக் குழம்பு என்றால் ரெண்டு கவளம் கூடுதலாகத் தின்பார்கள், அப்போது மட்டும் மூக்கு ஊருக்குப் போயிருக்கும். எல்லாரையும்விட அதிகமாக நாற்றம் அடித்தது விறகுத் தொட்டி பாலகுருவுக்கு. அவருடைய விறகுக் கடை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். சுவரை இடித்து ரோட்டைப் பார்த்தாற்போல் கடை வரிசை கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. கனவுக்குக் குறுக்கே கூடையை வைத்துக்கொண்டு பொம்பளைகள் உட்கார்ந்திருந்தால் நாறாமல் என்ன செய்யும்?

அடிக்கடி ஆள் வரும், கூடையை எட்டி உதைக்கும். உடனே யாராவது லாசரஸைத் தேடி ஓடுவார்கள். அவர் வந்து, உதைத்தவன் தோளில் கை போட்டு, "தம்பி, இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க" என்பார். அந்தத் தம்பியின் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் பெட் வாங்கிக் கொடுத்தவரும் இவராகத்தான் இருப்பார். தலையைச் சொறிந்துகொண்டு போவான். இப்படி ஒவ்வொரு நாளாக அந்த இடம் தப்பிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் முத்தாலம்மாள் கேட்டாள், "மெம்பரு, சும்மா மெம்பர்னு பேரை வச்சிக்கினு இன்னா பண்றது? நெஜமாவே மெம்பரா ஆயிடேன். எங்க தலைக்கு மேல ஒரு கூரை, காலுக்குக் கீழ கொஞ்சம் சிமிட்டி. அத்தப் பண்ணிக் குடுத்துட்டுப் போயேன்."

கேட்டுவிட்டாள், முடிந்தது. அறுபதுகளின் கடைசியில் வந்த வார்டு தேர்தலில் லாசரஸ் சுயேச்சையாக நின்றார். சின்னம் குடை. எதிரே பாலகுரு. அவர் எந்தக் கட்சி என்று கேட்டால், எது ஜெயிக்கிறதோ அது.

யாருக்காக லாசரஸ் நின்றாரோ அந்த மீன்காரப் பெண்களுக்கு இந்த வார்டில் ஓட்டே கிடையாது. வீடு நீலாங்கரையில் இருந்தால் ஓட்டும் அங்கேதானே இருக்கும்? இதைக்கூட யோசிக்காமல் ஒரு மனுஷன் தேர்தலில் நிற்பானா என்று சரோஜினி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டதும் புடவையைச் செருகிக்கொண்டு வார்டு முழுக்க அவள்தான் ஓட்டுக் கேட்டாள். லாசரஸ் கூட வந்தார். மழை பிடித்துக்கொண்டதும், எதிர்க்கட்சி ஆள் ஒருவன் நனைகிறான் என்று கையில் இருந்த குடையை அவனிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார். சின்னத்தையே எதிரிக்குக் கொடுத்த வேட்பாளரை இந்த ஜில்லா அதுவரை பார்த்ததில்லை.

போன வீட்டிலெல்லாம் காப்பி. "அண்ணனுக்கில்லாம வேற யாருக்கு டீச்சர்?" என்று ஒரே சிரிப்பு. சரோஜினி நம்பிவிட்டாள், பாவம். ஜனங்களுடைய கணக்கு வேறு. லாசரஸ் ஜெயித்தாலும் ஓடி வருவார், தோற்றாலும் ஓடி வருவார். பாலகுரு தோற்றால் முறைப்பான், அடுப்புக்கு விறகு கடனாகத் தர மாட்டான். ரெண்டு பேர் தயவும் வேண்டுமென்றால் ஓட்டு யாருக்குப் போக வேண்டும்? இந்தக் கணக்கு மிஷன் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இல்லை.

ஓட்டுப் போடும் நாள் காலையில் பாலகுருவே லாசரஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட நாலு ஆட்கள். கையைக் கூப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "சார், எல்லார் வூட்லயும் கேட்டுட்டேன், உங்க வூடுதான் பாக்கி. எனக்கு ஒரு ஓட்டு போடக் கூடாதா?" என்றார். ஆட்கள் கெக்கே கெக்கே என்று சிரித்தார்கள்.

லாசரஸும் சிரித்தார். "அதுக்கென்ன சார், போட்டுட்டாப் போச்சு."

உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்த சரோஜினி இதைக் கேட்டாள். என்னமாய்ப் பதில் சொல்லிவிட்டார் என்று பெருமையாகக்கூட நினைத்தாள்.

ஓட்டை எண்ணினார்கள். மறுபடியும் எண்ணினார்கள். பாலகுரு ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்துவிட்டார்.

சரோஜினிக்கு வயிறு எரிந்தது. யார் அந்த ஒரு துரோகி? காப்பியைக் குடித்துவிட்டுக் கழுத்தை அறுத்த பாவி யார்? பால்காரன் மேல் சந்தேகம் வந்தது, பாலை நிறுத்தினாள். சபைக் கமிட்டிச் செயலாளர் வேதசிரோமணி மேல் சந்தேகம் வந்தது, அவர் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்தினாள். அடுத்த வீட்டுக்காரியோடு வேலியைத் தாண்டிய முருங்கைக்கிளைச் சண்டையை வலிய இழுத்தாள். தெருவில் பாதிப் பேரோடு பேச்சு நின்ற பிறகு, ஒரு நாள் சாப்பிடும்போது லாசரஸ் மெதுவாகச் சொன்னார்:

"சரோ, பால்காரனை வரச் சொல்லிடு. அது நான்தான்."

"எது நீங்கதான்?"

"அந்த ஒரு ஓட்டு. பாலகுருவுக்கு நான்தான் போட்டேன். வாசல்ல வந்து நின்னு கேட்டாரே. போடறேன்னு சொல்லிட்டேனே."

சரோஜினி கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். "அவன் கிண்டலுக்குக் கேட்டான்! உலகத்துல எவனாவது தனக்கு எதிரா நிக்கிறவனுக்குத் தன் ஓட்டைப் போடுவானா? உங்களுக்கு நீங்க போட்டுக்கணும்னு தோணலையா?"

லாசரஸ் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "எனக்குப் போடச் சொல்லி யாரும் கேக்கலையே சரோ. நீ ஊரெல்லாம் போய்க் கேட்ட. என்கிட்ட எங்க கேட்ட?"

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் குழம்பில் உப்பு இல்லை. "நல்லா இருக்கு, உடம்புக்கும் நல்லது" என்று அதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். கோபித்துக்கொள்ளக்கூட லாயக்கில்லாத மனுஷனைக் கட்டிக்கொண்டு மாரடித்தால் இப்படித்தான்.

இதற்கப்புறமும் ஊர் அவரைத்தான் மெம்பர் என்றது. ஜெயித்த பாலகுருவை விறகுத் தொட்டிக்காரர் என்றது. பாலகுருவுக்கு அது முள்ளாகக் குத்தியது. ஆத்திரத்தையெல்லாம் மீன்காரப் பெண்கள் மேல் காட்டினார், இன்னும் அடிக்கடி ஆள் அனுப்பினார். லாசரஸும் இன்னும் அடிக்கடி தோளில் கை போட்டார். கூரையும் வரவில்லை, இடமும் போகவில்லை.

போன மாசம் ஒரு சாயங்காலம், பீச்சிலிருந்து வருகிற வண்டியில், அபூர்வமாக லாசரஸுக்கு உட்கார இடம் கிடைத்திருக்கிறது. அன்றைக்குக் காலையிலிருந்தே நெஞ்சில் என்னவோ செய்கிறது என்று ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்தாராம். கிண்டியில் ஒருவர் ஏறி, "சார், கொஞ்சம்..." என்றிருக்கிறார். எழுந்து இடத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றவர், பல்லாவரம் வருவதற்குள் அப்படியே சரிந்துவிட்டார். அந்த இடத்தில் உட்கார்ந்தவர் குரோம்பேட்டையில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டத்தில் விழுந்தது தனக்கு இடம் கொடுத்தவர்தான் என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

மேடையில் இப்போது வேதசிரோமணி எழுந்தார். கர்த்தருக்குள் நித்திரையடைந்த சகோதரருடைய தாழ்மையைப் பற்றி, கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நெடுநேரம் பேசினார். கோயிலில் லாசரஸ் செருப்போடு செருப்பாக நின்றபோதெல்லாம் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். "நம் சபையார் ஓட்டு முழுவதும், என் ஓட்டு உட்பட, அவருக்கே என்பதைச் சாட்சியாக அறிவிக்கிறேன்" என்று முடித்தார்.

கடைசியில் பாலகுரு. துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். "என்னை ஜெயிச்சவன்னு சொல்றாங்க. நான் ஜெயிக்கலீங்க. அண்ணன்தான் ஜெயிச்சாரு. இத்தனை வருசமா நெஞ்சுக்குள்ள பூட்டி வச்சிருந்த ரகசியத்தை இன்னைக்குச் சொல்றேன். அந்தத் தேர்தல்ல நான் என் ஓட்டையே அண்ணனுக்குத்தான் போட்டேன்!"

கைத்தட்டல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. யாரோ விசில்கூட அடித்தான். சரோஜினிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் நினைவா இதே இடத்துல, இந்த மதில் ஓரத்துல, 'மெம்பர் லாசரஸ் படிப்பகம்' கட்டப் போறோம். நாளைக்குக் காலையிலயே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் வருது. படிப்பகத்தை ஒட்டி, அதோட செலவுக்காக, நாலு கடை."

இதுதான் விஷயம். நாலு கடை! பத்து வருஷம் லாசரஸ் உயிரோடு நின்று தடுத்ததை, அவர் பேரையே கடப்பாரையாக எடுத்து முடித்துவிடப் பார்த்தார் பாலகுரு. சரோஜினி திரும்பிப் பார்த்தாள். டீக்கடை ஓரத்தில் முத்தாலம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்போது அம்மையார் ரெண்டு வார்த்தை நன்றி சொல்வார்கள்" என்று வேதசிரோமணி கூப்பிட்டார். அழுதுவிட்டு உட்காருவாள் என்றுதான் நினைத்திருப்பார்.

சரோஜினி மைக் முன்னால் வந்து நின்றாள். வகுப்பில் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"நான் கணக்கு டீச்சர். நீங்க எல்லாரும் சொன்னதைக் கூட்டிப் பார்த்தேன். இந்த மேடையில பேசினவங்க ஓட்டு மட்டும் விழுந்திருந்தாலே எங்க வீட்டுக்காரர் ஜெயிச்சிருக்கணும். போகட்டும், செத்தவர் வந்து திரும்ப எண்ணப் போறதில்லை." கூட்டத்தில் ஓரிருவர் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று பக்கத்தில் பார்த்தார்கள். "ஆனா ஒரு ஓட்டு எனக்கு நிச்சயமாத் தெரியும். பாலகுரு சார், அன்னைக்குக் காலையில எங்க வீட்டு வாசல்ல வந்து ஒரு ஓட்டுக் கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அது சும்மா தமாசுக்கும்மா..."

"தமாஷுக்குத்தான் கேட்டீங்க. அவர் நிஜமாவே போட்டுட்டார். நீங்க ஒரே ஓட்டுல ஜெயிச்சீங்க. அது அவர் ஓட்டு."

விசில் அடித்தவன் பாலகுருவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க கேட்டதை அவர் குடுத்தார். இப்ப அவருக்காக நான் கேக்கிறேன். படிப்பகம் வேண்டாம். இந்த இடத்தை அந்த மீன்காரங்களுக்கே விட்டுடுங்க. இல்லைன்னு சொல்றதுக்கு அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா, இதோ மைக், சொல்லுங்க."

மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நின்றாள். பாலகுருவின் முகத்தில் வேர்வை பூத்தது. ஆனால் அவர் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அம்மா துக்கத்துல இருக்காங்க. அவங்க மனசு நோகக் கூடாது. அவங்க கோரிக்கையைப் பரிசீலனை பண்ணி ஆவன செய்வோம்!" ஜனங்களுக்கு மூச்சு வந்தது. கை தட்டிவிட்டுக் கலைந்தார்கள். ஆவன செய்வோம் என்றால் நகரசபைத் தமிழில் நடையைக் கட்டு என்று அர்த்தம்.

நாற்காலிக்காரன் நாற்காலியை எண்ணி எடுத்தான். மைக்செட்காரன் குழாயைக் கழற்றினான். மேடையையும் பிரித்தாயிற்று. படத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஊரே உயிரை விட்டு நேசித்த மனுஷன் மாலையும் கையுமாக மரத்தடியில் சாய்ந்துகொண்டிருந்தார். சரோஜினி அவரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றாள். முத்தாலம்மாள் வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, செய்வோம்னு சொன்னானே, செய்வானா?"

"மாட்டான்."

"அப்ப காத்தால கடப்பாரையோட ஆளு வரும்?"

"வரும்."

முத்தாலம்மாள் படத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். "இத்த இன்னா பண்ணப் போற?"

"வீட்டுக்குத்தான் கொண்டு போகணும்."

"வூட்ல மாட்டி இன்னா பண்றது? வூட்லயா இருந்தாரு அந்த மனுசன்? இப்டி குடு."

மழைக்குச் சாக்குப் படுதா கட்ட அந்தச் சுவரில் அவர்களே அடித்து வைத்த பெரிய ஆணி ஒன்று இருந்தது. படத்தை மாலையோடு அதில் மாட்டினாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து குங்குமத்தை எடுத்து, லாசரஸ் நெற்றியில் காலணா அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தாள். கூட இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வண்டிக்குக் காத்திருந்த வேதசிரோமணி பார்த்துவிட்டார். பதறிக்கொண்டு ஓடி வந்தார். "சிஸ்டர்! என்ன இது? சபையில் ஞானஸ்நானம் எடுத்தவருக்குப் பொட்டா? இது விக்கிரக ஆராதனை! பத்துக் கட்டளை என்ன சொல்லுது?"

"அண்ணாச்சி, அதே பத்துக் கட்டளையில பொய்ச்சாட்சி சொல்லாதேன்னும் ஒண்ணு இருக்கு. நீங்க உங்க கட்டளையைப் பாருங்க, என் கட்டளையை நான் பாத்துக்கிறேன்" என்றாள் சரோஜினி. அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு போனார். பால்காரனைச் சந்தேகப்பட்டது தப்பாக இருக்கலாம், இவரைச் சந்தேகப்பட்டது தப்பில்லை என்று அவளுக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று.

மறுநாள் காலையில் கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். சுவர் ஓரத்தில் கூடைகள் வரிசையாக இருந்தன. கூடைகளுக்கு மேலே லாசரஸ் சிரித்துக்கொண்டிருந்தார். ஊதுவத்தி புகைந்தது, சங்கரா மீனும் மணத்தது. முதல் ஆள் கடப்பாரையை ஓங்குவதற்குப் பதிலாகச் செருப்பைக் கழற்றினான். தங்கைக்கு பெட் வாங்கிக் கொடுத்தவர் படமாயிற்றே! மற்றவன், "டேய், மாலை நம்ம பாலகுரு அண்ணன் போட்டதுடா, எப்டிரா எடுக்கறது?" என்றான்.

ஆபீசுக்குப் போகிற கும்பல் கூடிவிட்டது. பால் சொசைட்டித் தலைவர், ரேஷன் கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். நேற்று மைக்கில் சொன்ன பொய் இன்னும் தொண்டையில் சூடாக இருந்ததோ என்னவோ, "எவன்டா எங்க மெம்பர் படத்துல கை வைக்கிறவன்? ஓட்டுப் போட்ட ஜனங்கடா நாங்க!" என்று எகிறினார்கள். தேர்தலன்று வராத ரோஷம் இப்போது பொத்துக்கொண்டு வந்தது. வந்தவரை லாபம் என்று சரோஜினி ஒதுங்கி நின்று பார்த்தாள்.

பாலகுருவும் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். என் ஓட்டையே அண்ணனுக்குப் போட்டேன் என்று ஊரறியச் சொன்ன வாய். அந்த அண்ணனை ஆணியிலிருந்து கழற்று என்று எப்படிச் சொல்லும்? யாரோ, "அண்ணே, மாலை வாடிப் போச்சே, புதுசு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டான். பூக்கடைக்கு ஆள் ஓடினான். மெம்பர் பாலகுரு மீன் கூடைகளுக்கு நடுவே, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மெம்பர் லாசரஸுக்கு மாலை போட்டார்.

ஒரு தடவை போட்டால் வருஷா வருஷம் போட வேண்டுமே! முதல் நினைவு நாளன்று அவருடைய புதுச் செருப்பு மீன் தண்ணீரில் ஊறிவிட்டது. அடுத்த மாசமே அந்த இடத்துக்குச் சிமிட்டித் தரை வந்தது. மழையில் படம் நனைந்தால் பத்திரிகைக்காரன் எழுதுவான் என்று பயந்து தகரக் கூரையும் வந்தது. 'உபயம் பாலகுரு' என்று கூரையைவிடப் பெரிதாக எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்ளட்டும். நிழல் யார் தலையில் விழுகிறது என்பதுதானே கேள்வி. முத்தாலம்மாள் கேட்ட ரெண்டும் வந்துவிட்டது. லாசரஸ் உயிரோடு இருந்து நூறு தோளில் கை போட்டும் நடக்காதது, ஆணியில் தொங்கி நடந்தது.

சரோஜினி பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் அங்கே ஒரு நிமிஷம் நிற்பாள். "பாரு டீச்சர், மகராசன் எப்டி ஜம்முனு குந்திக்கினு கீறாரு" என்பாள் முத்தாலம்மாள், மீனை அலசிக்கொண்டே.

சரோஜினி படத்தை நிமிர்ந்து பார்ப்பாள். குங்குமமும், கண்ணாடியில் தெறித்த மீன் செதிலும், அந்தப் பழைய அசட்டுச் சிரிப்பும் இருக்கும். கோபமாகத்தான் ஆரம்பிப்பாள், பாதியில் அந்தச் செதிலைப் புடவைத் தலைப்பால் துடைப்பாள்.

"இங்கயாவது கொஞ்சம் அழுத்தமா உக்காருங்க. எவனாவது வந்து 'சார், கொஞ்சம்'னா உடனே எழுந்திரிச்சுடாதீங்க."